எத்தனை கெஜம்? மரபு வில்லும் மெய்யான வேட்டைத் தொலைவும்

சக்கரமோ குறிகாட்டியோ இல்லாத வெறும் வில்லால் ஒரு மானை எவ்வளவு தொலைவிலிருந்து எய்யலாம்? அந்த மானைப் போலவே ரப்பர் நுரையில் வார்த்த பொம்மையை ஒரு போட்டிக்களத்தில் எவ்வளவு தொலைவில் நிறுத்தலாம்? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மரபு வில்லாளிகள் கூடும் இடங்களில் இந்த இரண்டு கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. 40 கெஜத்தில் ஒரு மான் பொம்மையை நிறுத்தினால், எந்த வேட்டைக்காரரும் அங்கிருந்து நாணை விடமாட்டார் என்கிறது ஒரு தரப்பு. தொலைவில் பழகாதவர் அருகிலும் தடுமாறுவார் என்கிறது இன்னொன்று. போட்டி போட்டிதான், வேட்டையை அதில் ஏன் தேட வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை பொதுவாகக் குற்றம். ஆகவே இந்த வழக்கு நம் ஊரில் எழ வாய்ப்பில்லை. ஆனால் அம்பு தைத்த விலங்கு இறந்ததா, காயத்தோடு காட்டுக்குள் ஓடியதா என்பது இதில் அடங்கியிருப்பதால், வில்லாளிகளின் உள்விவகாரம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இதற்குத் தரப்பட்ட விடைகளுக்கு ஏறத்தாழ 500 ஆண்டு வரலாறு இருக்கிறது. ஒவ்வொரு விடையும் ஒரு குறிப்பிட்ட மண்ணில், குறிப்பிட்ட தேவைக்காகப் பிறந்தது. அதை மறந்துவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது.

சட்டம் விதித்த தொலைவு

தொலைவில் எய்து பழகு என்ற கட்சியின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. எட்டாம் ஹென்றியின் 1541ஆம் ஆண்டுச் சட்டம், 24 வயதைக் கடந்த ஆண் எவரும் தொலைவுக்கு எய்யும் இலேசான அம்புகளைக் கொண்டு 220 கெஜத்துக்குக் குறைந்த இலக்கில் பழகக்கூடாது என்றது. ஏறத்தாழ 200 மீட்டர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1545இல், ரோஜர் ஆஸ்கம் வில்வித்தை பற்றி ஆங்கிலத்தில் முதல் முழு நூலை எழுதி அதே மன்னருக்குக் காணிக்கையாக்கினார். அந்தக் காலத்துப் பயிற்சியின் நோக்கம் போர். எதிரே நிற்பது படைத்திரள். எந்த அம்பு எவர்மேல் தைக்கிறது என்பதைவிட, அத்தனை அம்புகளும் அந்தத் தொலைவைத் தாண்டிப்போய் விழ வேண்டும் என்பதே முக்கியம்.

துப்பாக்கி வந்து வில் போர்க்களத்திலிருந்து விலகியபோதும் தொலைவின் மீதான மதிப்பு குறையவில்லை. 1781இல் லண்டனில் டாக்ஸோஃபிலைட் சங்கம் தொடங்கியது. 1844இல் யார்க் சுற்று எனும் போட்டி முறை வந்தது. 100 கெஜத்தில் 72 அம்புகள், 80இல் 48, 60இல் 24. மிகத் தொலைவான இலக்குக்கே மிக அதிக அம்புகள். ஹொரஸ் ஃபோர்டு 1857இல் அந்தச் சுற்றை இருமுறை எய்து எடுத்த 1251 புள்ளிகள் நெடுங்காலம் எவருக்கும் எட்டாமல் நின்றன.

இந்த மரபு தந்த கொடை உண்மையானது. நிற்கும் நிலை, நாணை இழுத்து நிறுத்தும் இடம், விடும் விதம் ஆகியவற்றில் உள்ள சிறு பிழையைத் தொலைவு பெரிதாக்கிக் காட்டும். 20 கெஜத்தில் விரற்கடை அளவு விலகல், 80இல் நான்கு மடங்காகும். ஆனால் அந்தக் களத்தில் தரை சமம், தொலைவு முன்கூட்டியே தெரியும், முதல் அம்பு விழுந்த இடத்தைப் பார்த்து அடுத்ததைத் திருத்திக்கொள்ளலாம். காட்டில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் வில்லால் காட்டு விலங்கை வேட்டையாடுவதை 1981ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. தொலைதூரப் பயிற்சியின் தாயகத்தில் வேட்டைத் தொலைவு என்ற கேள்விக்கே இன்று இடமில்லை. அங்கே வளர்ந்த ஒரு நெறியை வேட்டை நடக்கும் நாட்டுக்கு அப்படியே கொண்டுபோவதில் எச்சரிக்கை தேவை.

இஷி காட்டிய அளவு

எதிர்த்தரப்பின் பிறப்பிடம் வட அமெரிக்கா. உள்நாட்டுப் போருக்குப் பின் வில்லோடு காட்டில் திரிந்த தாம்ஸன் சகோதரர்களில் மூத்தவரான மாரிஸ் தாம்ஸன் 1878இல் வெளியிட்ட நூல் நாட்டில் வில் மோகத்தைக் கிளப்பியது. மறு ஆண்டே தேசிய வில்வித்தைச் சங்கம் உருவானது. அதன் போட்டிகளும் இங்கிலாந்தின் வழியிலேயே சென்றன. உண்மையான திருப்பம் 1911 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் நிகழ்ந்தது. யாஹி இனத்தின் கடைசி மனிதரான இஷி பசியோடு மலையிலிருந்து இறங்கி வந்தார். அவரைப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கவைத்தார்கள். அங்கே பக்கத்து மருத்துவமனையின் அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப் அவருக்கு நண்பரானார். அவரிடம் வில் செய்யவும் எய்யவும் கற்றார். 1916இல் இஷி காசநோயால் இறந்தார். அவரிடமிருந்து தெரிந்துகொண்டதை போப் 1918இல் ஓர் ஆய்வாகவும், 1923இல் வேட்டை நூலாகவும் எழுதினார்.

போப் பதிந்தவற்றில் இந்த விவாதத்துக்கு இன்றும் அடிப்படையாக இருக்கும் செய்தி ஒன்று உண்டு. வட்ட இலக்கில் கணக்கு வைத்து எய்தால் போப்பும் அவருடைய நண்பரும் இஷியை முந்தினார்கள். காட்டில் சிறு விலங்கைக் கண்டால் இஷியை எவராலும் நெருங்க முடியவில்லை. இஷி எய்த தொலைவு பெரும்பாலும் 10 கெஜத்திலிருந்து 50 வரை. அதற்கு மேல் மானை எய்வது அவருக்கு உடன்பாடில்லை.

அவருடைய திறமையின் பெரும்பகுதி நாணை இழுப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மான் வேட்டைக்கு முதல் நாள் மீன் தின்னமாட்டார், புகைபிடிக்கமாட்டார். விடியற்காலையில் எழுந்து குளித்து, உடல் வாடையைப் போக்கிக்கொண்டு, காற்றின் திசை பார்த்து நடப்பார். விரல்களை உதட்டில் வைத்து உறிஞ்சி, வலியில் கத்தும் முயல்குட்டியின் குரலை எழுப்புவார். அதைக் கேட்டு முயலும் வரும், அதைத் தின்ன நினைக்கும் காட்டுப்பூனையும் வரும். பஞ்சடைத்த மான் தலையைத் தன் தலையில் மாட்டி, புதருக்குப் பின்னாலிருந்து மெல்ல ஆட்டி, மானின் ஆவலைத் தூண்டி அதைத் தன்னருகே வரவழைப்பார். தொலைவை அவர் அம்பால் கடக்கவில்லை; விலங்கைக் கொண்டே கடக்கவைத்தார்.

ஒரு மனிதரின் வழக்கத்தைப் பொது அளவாகக் கொள்ளலாமா என்ற ஐயத்துக்கு மானிடவியல் ஓரளவு விடை தருகிறது. உலகின் பல வேட்டைச் சமூகங்களைப் பற்றிய பதிவுகளைத் தொகுத்து ஸ்டீவன் சர்ச்சில் 1993இல் வெளியிட்ட கட்டுரையில், பயன்தரு தொலைவின் சராசரி கையால் எறியும் ஈட்டிக்கு 7.8 மீட்டர், எறிகோலால் வீசும் ஈட்டிக்கு 39.6 மீட்டர், வில்லுக்கு 25.8 மீட்டர். இந்தக் கடைசி எண் ஏறத்தாழ 28 கெஜம். குறுந்தொலைவுக் கட்சியினர் விரும்பிக் காட்டும் எண் இது.

ஆனால் இதைக் காட்டுகிறவர்கள் நஞ்சைப் பற்றிச் சொல்வதில்லை. கலஹாரியின் சான் வேட்டைக்காரர்கள் ஒருவகை வண்டின் புழுவிலிருந்து எடுத்த நஞ்சை அம்பில் தடவுகிறார்கள். தான்சானியாவின் ஹட்ஸா மக்கள் பாலைவன ரோஜாச் செடியின் சாறு போன்ற தாவர நஞ்சுகளைக் காய்ச்சிப் பயன்படுத்துகிறார்கள். நஞ்சு தோய்ந்த அம்பு உடலில் எங்கே தைத்தாலும் போதும். பிறகு தடம் பார்த்து மணிக்கணக்காக, சில வேளை நாள்கணக்காக நடப்பதுதான் வேலை. நஞ்சில்லாத எஃகு முனையோ நுரையீரலையோ இதயத்தையோ கிழித்தாக வேண்டும். ஆகவே 25.8 மீட்டர் என்பதை இன்றைய வேட்டைக்காரருக்கான அனுமதியாக வாசிப்பது சரியாகாது. நஞ்சில்லாதவர் அதைவிட நெருங்கியாக வேண்டும் என்று வாதிடவே அந்த எண்ணில் அதிக இடம் இருக்கிறது.

அம்பு விழும் கணக்கு

மரபுகளை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்க்கலாம். மரபு வில்லிலிருந்து புறப்படும் வேட்டை அம்பின் வேகம் சுமாராக விநாடிக்கு 180 அடி, அதாவது 55 மீட்டர். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், 20 கெஜத்தைக் கடக்க அதற்கு மூன்றில் ஒரு விநாடி ஆகிறது. அதற்குள் அரை மீட்டருக்குச் சற்றே கூடுதலாகக் கீழிறங்குகிறது. 40 கெஜம் போவதற்குள் இறக்கம் 2 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. தொலைவு இரு மடங்கானால் இறக்கம் நான்கு மடங்கு.

இறக்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பயிற்சியால் சரிசெய்துவிடலாம் என்று தோன்றும். சிக்கல் தொலைவைக் கண்ணால் மதிப்பிடுவதில் இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு தவறாக மதிப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழகிய கண்ணுக்கும் இது பெரிய தவறில்லை. 20 கெஜத்தில் அந்தத் தவறு அம்பை 5 சென்டிமீட்டர் மேலோ கீழோ தள்ளும். 40 கெஜத்தில் 22 சென்டிமீட்டர் தள்ளும். வெள்ளைவால் மானின் நெஞ்சுப்பகுதியில் உயிர்நிலை சுமார் 20 முதல் 25 சென்டிமீட்டர் குறுக்களவு. காகிதத் தட்டை மாட்டி வைத்து வேட்டைக்காரர்கள் பழகுவது இந்த அளவை மனத்தில் வைத்துத்தான். நடுவில் குறிவைத்தால் மேலே ஒரு பாதி, கீழே ஒரு பாதி. அதாவது 40 கெஜத்தில், கை சற்றும் நடுங்காமல் எய்தாலும், மதிப்பீட்டுப் பிழை மட்டுமே அம்பை உயிர்நிலைக்கு வெளியே கொண்டுபோய்விடும்.

ஹாலெஸ் ஆலன் 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969இல் பெற்ற, சக்கரம் பொருத்திய காம்பவுண்ட் வில், இந்தக் கணக்கை மாற்றியது. விநாடிக்கு 300 அடி போகும் அம்புக்கு, 40 கெஜத்தில் அதே தவறான மதிப்பீடு தருவது சுமார் 8 சென்டிமீட்டர் விலகல்தான். கூடவே தொலைவை அளந்து சொல்லும் லேசர் கருவியும் வந்துவிட்டது. காம்பவுண்ட் வில்லாளிக்கு இயல்பான தொலைவு மரபு வில்லாளிக்கு ஏன் பொருந்தாது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை.

இன்னும் ஒன்று, பொம்மைக்குக் காது இல்லை. நாண் அதிரும் ஓசை விநாடிக்கு 340 மீட்டர் வேகத்தில் போகிறது. 20 கெஜத்தில் நிற்கும் மானை அது இருபதில் ஒரு விநாடியில் எட்டிவிடும். அம்பு வந்து சேர இன்னும் கால் விநாடிக்கு மேல் இருக்கிறது. 40 கெஜத்தில் அந்த இடைவெளி அரை விநாடியையும் தாண்டிவிடும். மிரண்ட மான் பாய்வதற்கு முன் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும். கால்கள் முற்றிலும் தளர்ந்தால் கால் விநாடியில் உடல் 30 சென்டிமீட்டர் இறங்கிவிடும் என்பது ஈர்ப்பு விசையின் கணக்கு. குறி தவறாத அம்புகூட அப்போது முதுகுக்கு மேலே போகும், அல்லது முதுகெலும்பின் அருகே தைத்து நிற்கும்.

இந்தக் கணக்கையும் அளவோடுதான் நம்ப வேண்டும். எல்லா விலங்கும் ஒரே அளவு மிரள்வதில்லை. காற்றடிக்கும் நாளில் இலைகளின் சலசலப்பு நாணோசையை மறைக்கும். கனத்த அம்பும் நாணில் கட்டிய கம்பளிக் குஞ்சமும் ஓசையைக் குறைக்கும். தொலைவு கூடக் கூடப் பிழைக்கான இடம் எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்பதைக் கணக்கு காட்டும். எந்தக் கெஜத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை அது சொல்லாது.

காயம் பற்றிய ஆய்வுகள்

வில்வேட்டையில் அடிபட்டும் கைக்குக் கிடைக்காமல் போகும் மான்களைப் பற்றி அமெரிக்காவில் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்ளலாம். மேரிலாந்தின் இண்டியன் ஹெட் கடற்படைத் தளத்தில் காம்பவுண்ட் வில், குறுக்குவில் ஆகியவற்றோடு பல ஆண்டுகள் நடந்த வேட்டையின் பதிவுகள் 2008இல் வெளியாயின. அடிபட்டவற்றில் கிடைக்காதவை 18 விழுக்காடு. ஓக்லஹோமாவின் மெக்அலெஸ்டர் ராணுவ வெடிமருந்து ஆலையின் காட்டில் மரபு வில்லுக்கு மட்டுமே அனுமதி. அங்கே ரேடியோக் கழுத்துப்பட்டை மாட்டிய ஆண் மான்களைப் பின்தொடர்ந்து 1998இல் வெளியான ஆய்வில், அம்பு தைத்தவற்றில் பாதி வேட்டைக்காரர் கைக்கு வரவில்லை.

மரபு வில்லை எதிர்ப்பவர்கள் இந்த இரண்டாவது எண்ணைப் பற்றிக்கொள்கிறார்கள். அது கவலைக்குரிய எண் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஆய்வில் அம்பு தைத்த மான்கள் இருபதை ஒட்டிய எண்ணிக்கைதான். கிடைக்காமல் போனவற்றில் பெரும்பாலானவை உயிர்பிழைத்தன. வேட்டைக்காரர் தானே சொல்லும் கணக்கும் ரேடியோ அலை சொல்லும் கணக்கும் ஒரே தரத்தவை அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மேலும், இந்த ஆய்வுகள் தொலைவை மையமாக வைத்து எழுந்தவை அல்ல. மரபு வில்லாளி இன்னும் நெருங்க வேண்டும் என்று இவற்றை வைத்து ஊகிக்கலாம். இத்தனை கெஜம் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

போட்டிக்களத்தின் நியாயம்

விலங்குப் பொம்மைகளை மரங்களுக்கிடையே நிறுத்தி எய்யும் 3டி போட்டி, வேட்டைக்காரர்களின் பயிற்சியாகத் தொடங்கி விளையாட்டாக வளர்ந்தது. 1939இல் அமெரிக்காவில் அமைந்த தேசிய கள வில்வித்தைச் சங்கம் காட்டுவழியே நடந்து எய்யும் முறையை நிலைநிறுத்தியது. அதன் இலக்குகள் சில அடிகளிலிருந்து 80 கெஜம் வரை போயின. 1984இல் வேட்டை வில்லாளிகளுக்கான பன்னாட்டு அமைப்பு வந்தது. உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் முதல் 3டி சாம்பியன் போட்டி 2003இல் பிரான்சின் சுலி-சூர்-லுவாரில் நடந்தது. அதன் விதிப்படி காம்பவுண்ட் வில்லாளிகள் நிற்கும் சிவப்பு முளையிலிருந்து இலக்கு அதிகபட்சம் 45 மீட்டர். நெடுவில், மரபு வில் பிரிவினர் நிற்கும் நீல முளையிலிருந்து 5 முதல் 30 மீட்டர். தொலைவை யாரும் சொல்லமாட்டார்கள், அளக்கவும் கூடாது.

30 மீட்டர் என்ற இந்த எல்லை சர்ச்சிலின் சராசரிக்குப் பக்கத்தில் வந்து நிற்பதைப் பார்த்தால் மனம் ஒரு முடிச்சைப் போடத் துடிக்கும். போட வேண்டியதில்லை. வில்லின் வேகத்தையும் கண்ணின் மதிப்பீட்டையும் வைத்து இருவேறு வழிகளில் வந்தவர்கள் ஒரே இடத்தில் சந்தித்திருக்கலாம், அவ்வளவே.

மன்றங்கள் தாமே நடத்தும் கூட்டங்களில் இந்த எல்லை அடிக்கடி மீறப்படுகிறது. அதற்குச் சொல்லப்படும் காரணங்களைத் தள்ளிவிட முடியாது. எல்லா இலக்கும் 15 கெஜத்தில் இருந்தால் நல்ல வில்லாளிகள் அனைவரும் ஒரே புள்ளியில் நிற்பார்கள். ஓர் அம்பின் பின்புறத்தில் இன்னோர் அம்பு மோதி இரண்டும் கெடும். பள்ளத்தாக்குக்கு அப்பால் நிற்கும் காட்டெருமையை நோக்கி அம்பு வளைந்து பறப்பதைப் பார்ப்பதிலும் ஒரு மகிழ்ச்சி உண்டு. குடும்பத்தோடு வருகிறவர்களை மறு ஆண்டும் வரவைப்பது அதுதான். ஆனால் கடினத்தைக் கூட்டத் தொலைவு ஒன்றே வழி என்பதை ஏற்க முடியவில்லை. 12 மீட்டரில் புல்லுக்குள் பாதி மறைந்த முயல், சரிவில் கீழ்நோக்கி எய்ய வேண்டிய பன்றி, முழங்காலிட்டால் மட்டுமே கிளைகளுக்கிடையே தெரியும் மான் ஆகியவை 45 கெஜத்தில் வெட்டவெளியில் நிற்கும் மானைவிடக் கடினமானவை. பன்னாட்டு கள வில்வித்தைச் சங்கம் விலங்குகளை உருவளவின்படி பிரித்து, சிறியவற்றை அருகிலும் பெரியவற்றைத் தொலைவிலும் நிறுத்துவது இந்த வழியில் சென்ற ஒரு முயற்சி.

புள்ளி அட்டை கற்பிப்பது

தொலைவைப் பற்றி இவ்வளவு பேசியவர்கள் புள்ளி முறையைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. விவாதத்தின் மையம் அங்கேதான் இருக்கிறது என்று கருத இடமுண்டு.

உலகக் கூட்டமைப்பின் மான் பொம்மையை அருகில் போய்ப் பார்க்கலாம். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, நெஞ்சின் கீழ்ப்பாதியில், நுரையில் பதிந்த மெல்லிய கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். உள்வட்டத்துக்கு 11, அடுத்ததற்கு 10, அதைச் சூழ்ந்த பரப்புக்கு 8. உடலில் மற்ற எங்கே தைத்தாலும் 5. அந்த ஐந்தை எய்தவர் முகம் சற்றே வாடும். ஆனால் பூஜ்யம் வாங்கியவரைவிட அவர் மேலே இருக்கிறார். காட்டில் அதே அம்பு மானின் குடலிலோ தொடையிலோ தைத்திருக்கும். அந்த மான் பல மணி நேரம் துடித்துச் சாகும், அல்லது சாகாமல் அலையும். முழுக்கத் தவறிய அம்பு அதைவிட எவ்வளவோ மேல். போட்டியின் வரிசை காட்டின் வரிசைக்கு நேரெதிர்.

அமெரிக்காவின் தேசிய கள வில்வித்தைச் சங்கத்தின் விலங்குச் சுற்றில் மூன்று அம்புகள் வரை எய்யலாம். முதலில் தைப்பதற்கே புள்ளி. முதல் அம்பே உயிர்நிலையில் தைத்தால் 20, வெறும் காயமானால் 18. இரண்டாம் அம்புக்கு 16, 14. மூன்றாவதுக்கு 12, 10. கொல்லும் அம்புக்கும் காயப்படுத்தும் அம்புக்கும் இடையே இரண்டே புள்ளிதான் வேறுபாடு. முதல் அம்பின் காயத்துக்கு, இரண்டாம் அம்பின் துல்லியத்தைவிட மதிப்பு அதிகம்.

இதிலிருந்து இன்னொரு குறை தெளிவாகிறது. காட்டில் வில்லைத் தாழ்த்திவிட்டு நிற்பதும் ஒரு முடிவு. இஷிக்கு 50 கெஜத்துக்கு அப்பால் இருந்த மான் எய்ய வேண்டிய மான் இல்லை. போட்டிக்களத்திலோ ஒவ்வொரு முளையிலும் எய்தே ஆக வேண்டும். எய்யாதவருக்கும் தவறவிட்டவருக்கும் ஒரே பூஜ்யம். காயத்துக்குப் புள்ளியைக் கழிப்பதும், எய்யாமல் கடப்பதை இழப்பில்லாமல் அனுமதிப்பதும் வேட்டைப் பயிற்சிக்கு ஏற்ற மாற்றங்கள் என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். அப்படிச் செய்தால் புதியவர்கள் கழிந்த புள்ளிகளோடு வீடு திரும்புவார்கள், முன்னணியில் இருப்பவர்கள் எய்யாமலே ஜெயிப்பார்கள் என்பது எதிர்வாதம். இரண்டிலும் பொருள் இருக்கிறது. என் பார்வையில், வேட்டைப் பயிற்சி என்று அறிவித்து நடத்தும் கூட்டங்களாவது முதல் வழியைச் சோதித்துப் பார்க்கக் கடமைப்பட்டவை. விளையாட்டு என்று அறிவித்து நடத்துபவை அந்தக் கடமைக்கு உட்பட்டவை அல்ல. அங்கே 60 கெஜத்துக் காட்டெருமையால் எவருக்கும் தீங்கில்லை.

தீராத கேள்விகள்

முதலாவது, தொலைவில் பெற்ற பயிற்சி அருகில் எவ்வளவு உதவுகிறது என்பது. உடல் நிலையையும் நாண் விடுதலையும் பொறுத்தவரை அது உதவும் என்ற வாதம் வலுவானது. குறிபார்ப்பதைப் பொறுத்தவரை நிலைமை வேறு. அம்பின் நுனியை வைத்துக் குறிபார்ப்பவருக்கு, நுனியும் இலக்கும் ஒரே புள்ளியில் சேரும் தொலைவு பெரும்பாலும் 40 கெஜத்துக்கு மேலே இருக்கும். 20 கெஜத்தில் அவர் நுனியை இலக்குக்கு நன்றாகக் கீழே பிடிக்க வேண்டும். கண்முன் தெரியும் படமே வேறு. உள்ளுணர்வால் எய்வதாகச் சொல்பவர்களுக்குள் இது எப்படி நிகழ்கிறது என்பதில் பயிற்றுநர்களே ஒத்துப்போவதில்லை.

இரண்டாவது, போட்டிக்களத்தில் நெடுந்தொலைவு எய்தவர் காட்டிலும் துணிந்து எய்கிறாரா என்பது. குறுந்தொலைவுக் கட்சியின் அச்சம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. மனித இயல்பை வைத்துப் பார்த்தால் அது நியாயமான அச்சம். அதே களத்தில் ஐந்து முறை தவறவிட்டவர் தன் எல்லையை உணர்ந்து காட்டில் பின்வாங்கவும் கூடும். இரு திசையிலும் வாதிக்கலாம். வாதத்தால் மட்டும் தீராது.

மூன்றாவது, முதல் அம்பு பற்றியது. வேட்டையில் கணக்கில் வருவது காலைக் குளிரில், பல மணி நேரம் அசையாமல் இருந்தபின், விறைத்த தோளோடு எய்யும் ஒரே அம்பு. போட்டியின் இருபதாவது இலக்கில் சூடேறிய கைகளோடு எய்யும் அம்புக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை அளந்தாலன்றி, ஒருவருடைய மெய்யான தொலைவு இன்னது என்று சொல்ல முடியாது. அளப்பதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு முளையிலும் எய்வதற்கு முன் வில்லாளி மதிப்பிட்ட தொலைவு, முதல் அம்பு தைத்த இடம் ஆகிய இரண்டையும் குறித்துவைத்தால் ஒரே பருவத்தில் போதிய தகவல் சேர்ந்துவிடும். இப்போது புழங்கும் புள்ளி அட்டைகளில் பெரும்பாலும் புள்ளிகளுக்கு மட்டுமே கட்டம் இருக்கிறது.